350 புல்லட்: மார்க் சேருகிறது, டிகிரி சேரவில்லை. பினியனை ஒரு பல் நகர்த்தலாமா?

இரும்புப்புல்லட்:

வணக்கம். 1970களில் திருவொற்றியூரில் செய்த 350 புல்லட், காஸ்ட் அயர்ன் எஞ்சின். முழுவதும் பிரித்து, கிராங்குக்குப் புது கனெக்டிங் ராட் போட்டு, சிலிண்டரைப் போர் அடித்து (உட்சுவரைக் கடைந்து), இப்போது மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறேன். வால்வுகளைத் திறக்கும் கேம் வீல் இரண்டில் இன்லெட் (கலவை உள்ளே வரும் பக்கம்) மட்டும் பல் தேய்ந்திருந்ததால் வேறு வாங்கிப் போட்டேன். எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் பக்கம்) கேமும், கேம்களைச் சுழற்றும் கிராங்க் முனைப் பல்சக்கரமான பினியனும் வண்டியோடு வந்தவை.

சக்கரங்களில் உள்ள டைமிங் மார்க் (குறி) எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டிவிட்டேன். கண்ணுக்கு நேராகவே சேருகிறது. ஆனாலும் ஒரு கேம் வீல் புதிது என்பதால், மூடும் முன் அளந்து பார்த்துவிடலாம் என்று இடது பக்கம் ரோட்டர் முனையில், கிராங்க் எத்தனை டிகிரி சுழன்றது என்று காட்டும் டிகிரி தட்டு மாட்டினேன். ஹெட், கேமின் தள்ளலை வால்வுக்குக் கொண்டுபோகும் புஷ் ராட், ராக்கர் எல்லாம் பூட்டி, டேப்பட் இடைவெளியும் வைத்தாயிற்று.

மானுவல் சொல்வது: இன்லெட் வால்வு டாப்புக்கு (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) 30 டிகிரி முன் திறந்து, பாட்டத்துக்கு (அடியில் நிற்கும் இடம்) 60 டிகிரி பின் மூட வேண்டும். எக்ஸாஸ்ட் பாட்டத்துக்கு 75 முன் திறந்து, டாப்புக்கு 35 பின் மூட வேண்டும்.

எனக்கு வருவது: இன்லெட் 48 முன் திறக்கிறது, 80 பின் மூடுகிறது. எக்ஸாஸ்ட் 95 முன் திறக்கிறது, 54 பின் மூடுகிறது.

எல்லாமே 18, 20 டிகிரி தள்ளி வருகிறது. பினியன் ஒரு பல் தவறியிருக்கிறதா? மார்க்கை விட்டுவிட்டு ஒரு பல் நகர்த்திப் பார்க்கலாமா?

மதுரை மெக்கானிக்:

தம்பி, நகர்த்தாதீங்க. மார்க் சேர்ந்தால் போதும். இந்த எஞ்சினை எத்தனையோ கட்டியாச்சு, டிகிரி தட்டெல்லாம் மாட்டியது கிடையாது. மார்க்கை விட்டு ஒரு பல் நகர்த்தினால் வண்டி உதைத்தாலும் ஸ்டார்ட் ஆகாது, ஆனாலும் இழுக்காது. வால்வு பிஸ்டனில் தட்டினால் செலவு வேறு.

லேத் பட்டறை:

பினியனைத் தொட வேண்டாம் என்பதில் மதுரை அண்ணன் சொல்வதுதான் சரி. ஆனால் அதற்கான காரணம் மார்க்கில் இல்லை, நீங்கள் கொடுத்த எண்களிலேயே இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

ஒரு பல் தவறியிருந்தால் என்ன ஆகும்? கேம் முழுவதும் ஒரே பக்கமாக நகரும். 15 டிகிரி முன்னால் திறந்தால், மூடுவதும் அதே 15 டிகிரி முன்னால் நடக்கும். கேமின் உருவம் மாறவில்லையே, அது நிற்கும் இடம்தானே மாறுகிறது. உங்கள் இன்லெட்டைப் பாருங்கள். 18 டிகிரி முன்னால் திறக்கிறது, ஆனால் 20 டிகிரி பின்னால் மூடுகிறது. எக்ஸாஸ்ட்டும் அப்படித்தான், 20 முன்னால், 19 பின்னால். இரண்டு வால்வுமே இரண்டு பக்கமும் அகன்றிருக்கின்றன. பல் தவறினால் இப்படி வரவே வராது.

இப்போது நடுப்புள்ளியைக் கணக்கிடுங்கள். இன்லெட் திறந்திருக்கும் மொத்தக் கோணம் 48 + 180 + 80 = 308. பாதி 154. அதிலிருந்து 48 கழித்தால் 106. அதாவது வால்வு முழுதாகத் திறந்து நிற்கும் இடம் டாப்புக்கு 106 டிகிரி பின். மானுவல் எண்களை வைத்து இதே கணக்கு: 30 + 180 + 60 = 270, பாதி 135, கழித்தால் 105. எக்ஸாஸ்ட்டுக்கு உங்களுடையது டாப்புக்கு 110.5 முன், மானுவல் படி 110. தட்டில் முள்ளைப் படிக்கும்போதே ஒரு டிகிரி முன்பின் வரும். ஆக உங்கள் கேம் இரண்டும் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கின்றன. புது இன்லெட் வீலின் மார்க்கும் சரி.

பிறகு ஏன் அகன்று வருகிறது? டேப்பட் கிளியரன்ஸ், அதாவது ராக்கர் முனைக்கும் வால்வு தண்டுக்கும் நடுவே விடும் இடைவெளி. ஓட்டுவதற்கு இந்த எஞ்சினில் குளிர்ந்த நிலையில் கிளியரன்ஸ் பூஜ்யம் வைப்போம். புஷ் ராட் விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. ஆனால் மானுவலில் உள்ள 30, 60, 75, 35 எல்லாம் 0.012 அங்குலம், அதாவது 0.30 மில்லிமீட்டர் கிளியரன்ஸ் வைத்து அளந்தவை. கேமில் உண்மையான ஏற்றம் தொடங்கும் முன் மிக மெதுவாக ஏறும் ஒரு சரிவு இருக்கும். டேப்பட் சத்தமில்லாமல் ஏற வேண்டும் என்பதற்காக வைத்தது. பூஜ்ய கிளியரன்ஸில் அந்தச் சரிவே வால்வை மயிரிழை தூக்கிவிடும், நாம் அதைத் திறந்ததாகக் கணக்கிடுவோம். 0.30 வைத்தால் சரிவு முழுவதும் அந்த இடைவெளியிலேயே கரைந்துவிடும்.

அளப்பதற்காக மட்டும் 0.30 வைத்து மறுபடி பாருங்கள். முடிந்ததும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடுங்கள், மறக்க வேண்டாம். அப்புறம் ஒரு கேள்வி: டாப்பை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

இரும்புப்புல்லட்:

மிக்க நன்றி சார். ஒரு பக்கம் முன்னால், இன்னொரு பக்கம் பின்னால் என்பதை வைத்தே இவ்வளவு சொல்லலாம் என்று தெரியாது. மானுவலில் அந்த 0.012 சின்ன எழுத்தில் ஓரமாக இருக்கிறது, இப்போதுதான் கண்ணில் பட்டது.

டாப் கண்டுபிடித்தது பிளக் துளையில் மெல்லிய கம்பி விட்டு. கம்பி மேலே வந்து நின்ற இடத்தில் தட்டைப் பூஜ்யத்தில் வைத்தேன்.

கிளியரன்ஸ் வைப்பதில் ஒரு சந்தேகம். அட்ஜஸ்டர் கீழே, புஷ் ராட் அடியில் இருக்கிறது. ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) எங்கே நுழைப்பது?

லேத் பட்டறை:

ராக்கர் கவரைக் கழற்றி, ராக்கர் முனைக்கும் வால்வு தண்டுக்கும் நடுவே நுழையுங்கள். அட்ஜஸ்டரைக் கீழே, டேப்பட் கவர் வழியாகத் திருப்ப வேண்டும். மேலே ஒரு கை, கீழே ஒரு கை. கூட ஒருவர் இருந்தால் சுலபம்.

கம்பி முறையை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம். டாப்பை ஒட்டி பிஸ்டன் அசைவதே தெரியாது. இந்த எஞ்சினின் ஸ்ட்ரோக் (பிஸ்டன் அடியிலிருந்து உச்சி வரை ஏறும் தூரம்) 90 மில்லிமீட்டர், அப்படி இருந்தும் டாப்புக்கு முந்தைய கடைசி 10 டிகிரியில் பிஸ்டன் ஏறுவது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. போதாததற்கு பிளக் துளை சாய்வாக இருக்கிறது. கம்பி சாய்ந்து நழுவினால் 5 டிகிரி தவறிவிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது.

நிறுத்தி வைத்து அளக்கும் முறைதான் சரி. பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, நடுவில் மரை போட்டு ஒரு போல்ட்டைச் செருகுங்கள். முனையை உருட்டையாக அரைத்துவிடுங்கள், பிஸ்டனில் கீறக் கூடாது. பிஸ்டனைக் கீழே இறக்கிவிட்டு இதைப் பிளக் துளையில் பூட்டி, கிராங்கை மெதுவாகக் கையால் சுழற்றுங்கள். பிஸ்டன் போல்ட்டில் தொட்டு நிற்கும். தட்டில் எண்ணைக் குறியுங்கள். பிறகு எதிர்ப்பக்கம் சுழற்றி, தொட்டு நிற்கும் எண்ணைக் குறியுங்கள். இரண்டுக்கும் சரிபாதி உண்மையான டாப். தட்டை அந்தப் பாதி பூஜ்யமாக வரும்படி திருப்பிவிட்டு மறுபடி இரண்டு பக்கமும் தொட்டுப் பாருங்கள், இரண்டு பக்கமும் ஒரே எண் வர வேண்டும். வால்வு திறந்திருக்கும் நேரத்தில் போல்ட் வால்வில் மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புஷ் ராட்களை எடுத்துவிட்டுச் செய்தால் அந்தப் பயமே இல்லை.

எஞ்சினைச் சுழற்ற ரோட்டர் நட்டில் ஸ்பானர் போடுங்கள். வலது பக்கம் பினியனைப் பிடித்திருக்கும் ஆயில் பம்பைச் சுழற்றும் வார்ம் (திருகுப் பல்) நட்டில் போட வேண்டாம். அது இடது மரை. வலது பக்கமிருந்து பார்த்தால் எஞ்சின் கடிகாரச் சுற்றில் ஓடுகிறது, அதே பக்கம் ஸ்பானரைத் திருப்பினால் அந்த நட்டு கழன்றுகொள்ளும். பாதி அளவெடுப்பில் பினியன் தளர்ந்தால் நீங்கள் எடுத்த எண்கள் எல்லாம் வீண்.

இடது பக்கம் தட்டு மாட்டியிருப்பதால் அங்கே சுழற்சி எதிர்க்கடிகாரம். தட்டில் எண்கள் எந்தப் பக்கம் ஏறுகின்றன என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். முன், பின் மாறிப் படித்துக் குழம்புவது இங்கேதான். எப்போதும் எஞ்சின் ஓடும் திசையிலேயே வந்து அளவெடுக்க வேண்டும். தாண்டிவிட்டால் கால் சுற்றாவது பின்னால் போய்விட்டுத் திரும்பி வாருங்கள். இல்லாவிட்டால் பல்லுக்கு இடையே உள்ள ஆட்டமும் அளவில் சேர்ந்துகொள்ளும்.

யாழ்ப்பாணத்து டிரையம்ப்:

அண்ணை, நல்ல விளக்கம். மார்க்கை மட்டும் நம்பினால் என்ன நடக்கும் என்பதற்கு என் கையில் ஒரு உதாரணம் இருக்கிறது.

என்னுடையது பழைய டிரையம்ப் 500 ட்வின். வாங்கும்போதே எஞ்சின் கட்டியிருந்தது, யார் கட்டினார்கள் என்று தெரியாது. ஓடும், ஆனால் மேட்டில் மூச்சு வாங்கும், கார்புரேட்டர் பக்கம் திருப்பித் துப்பும். ஜெட்டை மாற்றி, பாயிண்டை (தீப்பொறி நேரத்தை முடிவுசெய்யும் தொடுமுனை) மாற்றி அலுத்துப்போய் டைமிங் கவரைத் திறந்தேன்.

இந்த எஞ்சினில் பினியனுக்கும் இரண்டு கேம் வீலுக்கும் நடுவே ஒரு இடைச் சக்கரம் இருக்கிறது. பினியனுக்கு 25 பல், கேம் வீலுக்கு 50, இடைச் சக்கரத்துக்கு 47. அந்த 47 காரணமாக, மார்க் எல்லாம் ஒருமுறை சேர்ந்தால் மறுபடி சேர எஞ்சின் 94 சுற்று சுற்ற வேண்டும். தெரியாதவர் கவரைத் திறந்து, மார்க் சேரவில்லை என்று பார்த்துவிட்டு, சரியாக இருந்த டைமிங்கைக் கலைத்துவிடுவார். போதாததற்கு இடைச் சக்கரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட குறிகள் உண்டு.

டிகிரி தட்டு வைத்துப் பார்த்தால் எக்ஸாஸ்ட் சரியாக இருந்தது. இன்லெட் மட்டும் திறப்பதும் மூடுவதும் ஒரே பக்கமாக 14 டிகிரி அளவுக்கு விலகியிருந்தது. 50 பல் சக்கரத்தில் ஒரு பல் என்றால் 7.2 டிகிரி. கேம் ஒரு சுற்றுக்கு கிராங்க் இரண்டு சுற்று, ஆகவே கிராங்கில் 14.4. ஒரு பல் என்று எழுதி ஒட்டியது மாதிரி எண் வந்தது. நகர்த்திப் பூட்டியதும் துப்பல் நின்றது.

கேம் வீலில் மூன்று சாவிப் பள்ளங்கள் (சக்கரத்தைத் தண்டோடு பூட்டும் சிறு துண்டு உட்காரும் இடம்) உண்டு. வேறு பள்ளத்தில் மாட்டினால் ஒரு பல்லில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நகர்த்தலாம். எனக்கு அது தேவைப்படவில்லை.

மதுரை மெக்கானிக்:

டிரையம்ப் வேறு கதை. புல்லட்டில் மார்க் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தானாகச் சேரும், குழப்பமே இல்லை. ஆனால் ஒன்று ஒத்துக்கொள்கிறேன். முன்னெல்லாம் கேம் வீல் கம்பெனிப் பெட்டியில் ஜோடியாக வரும். இப்போது இன்லெட் ஒரு இடம், எக்ஸாஸ்ட் ஒரு இடம், பினியன் வேறு வண்டியில் கழற்றியது. அதில் மார்க்கை யார் போட்டார்களோ.

தட்டு இல்லாதவர்கள் பார்க்க எங்கள் பட்டறை வழக்கம் ஒன்று சொல்கிறேன். எக்ஸாஸ்ட் மூடிக்கொண்டும் இன்லெட் திறந்துகொண்டும் இருக்கும் டாப்புக்கு எஞ்சினைக் கொண்டுவாங்க. கம்ப்ரஷன் டாப் இல்லை, அதற்கு எதிர் டாப். அங்கே இரண்டு ராக்கரையும் பாருங்க. இரண்டு வால்வும் கொஞ்சம் கொஞ்சம் திறந்து, கிட்டத்தட்ட ஒரே அளவு அமுங்கி இருக்கணும். ஒன்று நல்லா அமுங்கி, இன்னொன்று மூடியே இருந்தால் பல் மாறியிருக்கு. கிராங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் லேசாக ஆட்டினால் ஒரு வால்வு ஏற, இன்னொன்று இறங்கும். அந்த ஆட்டத்தின் நடு, டாப்பிலேயே விழணும்.

லேத் பட்டறை:

அருமையான சோதனை அண்ணே, எல்லாருக்கும் சொல்ல வேண்டியது. எண்களும் இதற்குச் சாட்சி சொல்கின்றன. இன்லெட் 30 முன் திறக்கிறது, எக்ஸாஸ்ட் 35 பின் மூடுகிறது. இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் 65 டிகிரியின் நடு, டாப்புக்கு இரண்டரை டிகிரி பின்னால் விழுகிறது. கண்ணுக்கு அது டாப்தான். டாப்பில் எக்ஸாஸ்ட் மயிரிழை அதிகம் திறந்திருந்தால் தவறில்லை.

ஒரு எல்லை மட்டும் உண்டு. கேம் ஒன்று தேய்ந்திருந்தாலோ, டேப்பட் இரண்டும் ஒரே அளவில் இல்லாவிட்டாலோ இந்தச் சமநிலை ஏமாற்றும். அதனால் இதைச் செய்யும்போது இரண்டு பக்கமும் ஒரே கிளியரன்ஸ் வையுங்கள். பல் மாறியதா இல்லையா என்பதற்கு இது போதும். கேம் எவ்வளவு சரியாக நிற்கிறது என்பதற்கு அளவுதான் வேண்டும்.

அளப்பதிலும் திறக்கும் இடம், மூடும் இடம் இரண்டையும் விட நடுப்புள்ளியை நம்புங்கள். வால்வு எப்போது திறக்கத் தொடங்கியது என்பது கிளியரன்ஸ், சரிவு, பார்ப்பவர் கண் மூன்றையும் பொறுத்தது. நடுப்புள்ளி அப்படி அலையாது. டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளில் காட்டும் கருவி) இருந்தால் வால்வு ஸ்பிரிங் மூடியின் மேல் வைத்து, முழுத் தூக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முழுத் தூக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் குறைவாக, ஏறும்போது எந்த டிகிரி, இறங்கும்போது எந்த டிகிரி என்று பாருங்கள். இரண்டின் சராசரி நடுப்புள்ளி. கேமின் உச்சியில் முள் பல டிகிரிக்கு அசையாமல் நிற்கும், அதனால் உச்சியையே தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

இன்னொரு விஷயம். இரண்டு நடுப்புள்ளியும் 4, 5 டிகிரி மட்டும் ஒரே பக்கம் விலகி வந்தால் பல்லைச் சந்தேகிக்காதீர்கள், டாப்பைச் சந்தேகியுங்கள். ஒரு பல் என்றால் எவ்வளவு என்று தெரிய, பினியனில் பல்லை எண்ணி 360-ஐ அதால் வகுத்தால் போதும். அந்த அளவு வராவிட்டால் அது பல் அல்ல. விலகல் பெரிதாக இருந்து, பல் கணக்குக்கும் பொருந்தாவிட்டால் பினியனைக் கழற்றி, அதன் சாவி நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

ரெட்டிச்சிலிருந்து:

பக்கத்தில் ஒரு குறிப்பு. இங்கே பேசும் எண்கள் இங்கிலாந்தின் ரெட்டிச் ஆலையின் காலத்திலிருந்து வருபவை. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச்சின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, அதே 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி எஞ்சினைச் சென்னையில் செய்யத் தொடங்கினார்கள். அதனால்தான் ரெட்டிச் மானுவலை வைத்துக்கொண்டு திருவொற்றியூர் எஞ்சினைக் கட்ட முடிகிறது.

பின்னால் வந்த அலுமினிய எஞ்சின்களுக்கு இந்த எண்களை எடுத்துப் போகாதீர்கள். அவற்றின் கேம் வேறு. அதற்கும் பின் வந்த யூ.சி.இ. (எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் உள்ள) எஞ்சினில் டேப்பட்டே ஹைட்ராலிக், கிளியரன்ஸ் வைக்கும் பேச்சே இல்லை. காஸ்ட் அயர்னிலும் ரேஸ் கேம் போட்டவர்கள் அந்தக் கேமோடு வந்த காகிதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இரும்புப்புல்லட்:

அளந்துவிட்டேன்.

பழைய பிளக்கில் போல்ட் மாட்டிப் பார்த்ததில், கம்பி வைத்துக் கண்ட டாப் ஒரு டிகிரிக்குள்தான் தவறியிருந்தது. பிறகு இரண்டு வால்வுக்கும் 0.30 வைத்தேன்.

இன்லெட் 31 முன், 62 பின். நடு 105.5.
எக்ஸாஸ்ட் 76 முன், 36 பின். நடு 110.

டயல் கேஜ் வைத்து ஒரு மில்லிமீட்டர் குறைவில் பார்த்த சராசரியும் இதே இடத்துக்கு வந்தது. மதுரை அண்ணன் சொன்ன சோதனையும் செய்தேன், டாப்பில் இரண்டு ராக்கரும் சமமாக அமுங்கி நிற்கின்றன. முழுத் தூக்கத்தைப் பழைய இன்லெட் கேமோடு ஒப்பிட்டேன், புதியது கொஞ்சம் அதிகம் தூக்குகிறது, பழையது பல்லோடு மூக்கிலும் தேய்ந்திருக்கிறது போல.

பினியனைத் தொடவில்லை. டேப்பட்டைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டேன். கவரை மூடலாமா?

லேத் பட்டறை:

தாராளமாக மூடுங்கள். இதைவிட நெருக்கமாக வராது.

மூடும் முன் கேம் மூக்குகளிலும் டேப்பட் அடியிலும் கெட்டியான அசெம்பிளி எண்ணெய் தடவுங்கள். முதல் முறை ஸ்டார்ட் ஆகும்போது எண்ணெய் அங்கே வந்து சேரச் சற்று நேரமாகும், புதுக் கேமின் ஆயுள் அந்த நேரத்தில்தான் போகிறது. கவரில் கிராங்க் முனைக்கு எண்ணெய் ஊட்டும் சீல் புதிதாக இருக்கிறதா என்று பாருங்கள். ராட்டின் கீழ்முனையான பிக் எண்டுக்கு எண்ணெய் போகும் வழி அது, கசிந்தால் புது ராட் போட்டதற்கே அர்த்தமில்லை. வார்ம் நட்டை இறுக்கியாயிற்றா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடுங்கள், இறுகுவது எதிர்க்கடிகாரமாக.

மதுரை மெக்கானிக்:

பாயிண்டும் வைச்சிடுங்க தம்பி, தட்டு மாட்டியிருக்கும்போதே. பாயிண்ட் இடைவெளி 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டர். பிஸ்டன் டாப்புக்கு 0.8 மில்லிமீட்டர் முன் இருக்கும்போது, வேகம் கூடும்போது தீப்பொறியை முன்னால் தள்ளும் அட்வான்ஸ் எடை விரியாத நிலையில், பாயிண்ட் திறக்கத் தொடங்கணும். நடுவில் சிகரெட் பேப்பர் வைத்து இழுத்துப் பாருங்க, விடுகிற இடம்தான் திறக்கிற இடம்.

இரும்புப்புல்லட்:

அந்த 0.8 மில்லிமீட்டர் தட்டில் எத்தனை டிகிரி வரும் அண்ணே? டயல் கேஜைப் பிஸ்டன் மேல் வைக்க ஹெட்டை மறுபடி கழற்ற மனமில்லை.

லேத் பட்டறை:

90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்குக்குக் கணக்குப் போட்டால் 9-லிருந்து 10 டிகிரி. அங்கே வைத்துத் தொடங்குங்கள், ஓட்டிப் பார்த்து மேட்டில் தட்டும் சத்தம் வந்தால் லேசாகப் பின்னால் தள்ளலாம். கம்ப்ரஷன் டாப்பில் வையுங்கள், வால்வு இரண்டும் மூடியிருக்கும் டாப். சற்று முன் ராக்கர் சமமாக அமுங்கிப் பார்த்தீர்களே, அதிலிருந்து கிராங்க் சரியாக ஒரு சுற்று தள்ளி. அந்த ஒரு சுற்றை மறந்து, பாயிண்ட் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரை வைத்தால், வால்வு டைமிங் எவ்வளவு சரியாக இருந்தாலும் சைலன்ஸரில்தான் வெடிக்கும்.

யாழ்ப்பாணத்து டிரையம்ப்:

ஸ்டார்ட் ஆனதும் எழுதுங்கோ. டேப்பட் கவரைத் திறந்து, எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு கிளியரன்ஸை இன்னொரு தரம் பாருங்கோ. புதுக் கேமும் டேப்பட்டும் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் படியும், அப்போது பூஜ்யம் பூஜ்யமாக இருக்காது.